பட்டறையிலிருந்து பார்சல் வரை: புதுப் பொருளுக்கு மக்களிடம் முன்பணம் திரட்டுவது எப்படி?

புதுசாக ஒரு பொருள் செய்திருக்கிறீர்கள். மாதிரி கையில் இருக்கிறது, பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஐந்நூறு உருப்படி போட முதல் இல்லை. வங்கியில் போனால் அடமானம் கேட்கிறார்கள். வெளியில் வட்டிக்கு வாங்கினால் பொருள் விற்றுக் காசாவதற்குள் வட்டி ஏறிவிடும். கிரவுட்ஃபண்டிங் உதவுவது இந்த இடத்தில்தான். பொருளை வாங்கப் போகிறவர்களிடமே முன்பணம் வாங்கி, அதைக் கொண்டு பொருளைச் செய்து, அவர்களுக்கே அனுப்பி வைப்பது.

இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வீடியோ எடுப்பது, விளம்பரம் செய்வது பற்றியவை. அவையும் வேண்டியவைதான். ஆனால் என் கணிப்பில், இதில் ஜெயிப்பதும் தோற்பதும் இணையத்தில் முன்பதிவுப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஒரு உருப்படிக்கு என்ன செலவாகிறது, முதல் நாளே பணம் கட்டப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் மீதி வேலை உழைப்புதான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கற்பனைப் பொருளை எடுத்துக்கொள்வோம். தரையில் உட்கார முடியாதவர்களுக்காக, சமையல் மேடையில் கிளாம்ப் போட்டு மாட்டி நின்றபடியே நறுக்க ஒரு அரிவாள்மணை. வேலை முடிந்ததும் அலகை மடக்கிப் பூட்டி வைக்கலாம். திருப்பாச்சேத்தி அரிவாள் பக்கத்திலேயே கிடைக்கும் நம் மதுரைக்குப் பொருத்தமான பொருள்தானே?

1. இது என்ன வகைப் பணம் என்று தெளிவாகுங்கள்

மதுரைப் பக்கம் நாலு பேரிடம் காசு கேட்டால் முதலில் வரும் கேள்வி, "இது சீட்டா, வட்டிக்கா, பங்கா?" என்பதுதான். நிதி நிறுவனம், மனை முதலீடு என்று போட்டு இழந்தவர்களைத் தெரியாத குடும்பம் குறைவு. அதனால் அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.

மக்களிடம் பணம் திரட்டுவதில் நான்கு வகை உண்டு. மருத்துவச் செலவுக்கும் சமூகப் பணிக்கும் மிலாப், கீட்டோ போன்ற தளங்களில் நடப்பது நன்கொடை. பலரிடம் சிறுசிறு கடனாக வாங்குவது இன்னொன்று; அதை ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பதிவு பெற்ற நிறுவனங்களின் வழியாகத்தான் செய்யலாம். மூன்றாவது பங்கு கொடுப்பது. இதை அனுமதிப்பது பற்றி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. பிறகு 2016இல், அனுமதியில்லாத இணையத் தளங்களில் இப்படிப் பணம் போட வேண்டாம் என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது. ஒரு தனியார் நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு தர முன்வர முடியாது; அதைப் பொதுவில் விளம்பரம் செய்யவும் கூடாது.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று 10 லட்சம் ரூபாய் முதலைத் திட்டமிட்டார். அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். அதே பாணியில் இன்று நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் பங்கு விற்கக் கிளம்பினால் சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள்.

நமக்கு வேண்டியது நான்காவது வகை: பணத்துக்குப் பொருள். ஆகவே உங்கள் அறிவிப்பில் "முதலீடு", "லாபம்", "வருமானம்" என்ற சொற்கள் எங்கேயும் வரக்கூடாது. "முன்பதிவு செய்யுங்கள், இந்த மாதத்துக்குள் அனுப்புவோம், முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்று எழுதுங்கள். மாமா, சித்தப்பா யாராவது பாசத்தில் "ஐம்பதாயிரம் தர்றேன், நல்லா வந்தா பார்த்துச் செய்" என்றால் அதைத் தனியாக, கைமாற்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

2. மாதிரியைச் சோதியுங்கள், பட்டறையையும் சோதியுங்கள்

லேத் பட்டறைக்காரர் கையால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய ஒரு உருப்படி நன்றாக வருவது அதிசயமில்லை. ஐந்நூறிலும் கீல் அதே இறுக்கத்தில் வருமா என்பதுதான் கேள்வி. அதனால் ஒரு மாதிரியோடு நிற்காதீர்கள். ஒரே ஜிக்கில், அதாவது உருப்படியை அசையாமல் ஒரே அளவில் பிடிக்கும் சட்டத்தில் வைத்து, ஒரே ஆள் தொடர்ந்து பத்து உருப்படி செய்யட்டும். அலகு ஆடுகிறதா, பூட்டு விழுகிறதா, பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எத்தனை தேறவில்லையோ அதுதான் உங்கள் ரிஜெக்ட் கணக்கின் தொடக்கம்.

அந்தப் பத்தையும் சொந்தக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் நல்லதாக மட்டும்தான் சொல்வார்கள். தினம் இருபது கிலோ வெங்காயம் நறுக்கும் மெஸ் அக்காவிடம் ஒன்று, சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரிடம் ஒன்று, முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டியிடம் ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி உடனே எடுத்துக் கொடுத்தால் அது பாராட்டு, அவ்வளவுதான். "இதை ஏன் கேக்குறீங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றால் உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கே.புதூர் சிட்கோவிலும் கப்பலூர் சிட்கோவிலும் லேசர் கட்டிங், வெல்டிங், பஃபிங், பிளாஸ்டிக் மோல்டிங் எல்லாம் டூவீலரில் போய்வரும் தூரத்தில் கிடைக்கும். பெட்டி அச்சுக்கு சிவகாசி பக்கம். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்குப் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவருக்கு இல்லாத வசதி இது. வேலை நடக்கும் இடத்துக்கு நீங்களே போய் நின்று பார்க்கலாம்.

வசதியோடு ஒரு பிரச்சினையும் வருகிறது. "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்ணே" என்பதை யாரும் பொய்யாகச் சொல்வதில்லை. ஆனால் அதை நாட்காட்டியில் குறிக்கவும் முடியாது. இரண்டு பட்டறைகளிலாவது எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எத்தனை உருப்படிக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள், பஃபிங்கும் சாணை பிடிப்பதும் அதற்குள் அடக்கமா, தேறாத உருப்படியை யார் ஏற்பது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்டுப்போகும் விஷயம் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

தேதி குறிக்கும்போது ஊரின் வருடத்தையும் பாருங்கள். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டெல்லாம் முடியும்வரை பட்டறை முழு ஆளோடு ஓடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி நகரத்துக்குள் சரக்கு வண்டி நகர்வதே பாடு. ஆடிப்பெருக்கில் தொடங்கும் காலண்டர் வேலை சூடுபிடித்துவிட்டால், சிவகாசி அச்சகங்களில் உங்கள் ஐந்நூறு பெட்டிக்கு மிஷின் கிடைப்பது கஷ்டம். தீபாவளிக்கு முன் பார்சல் நிறுவனங்கள் நிரம்பி வழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரியாகக் காயாத பலகை ஊதும், அட்டைப்பெட்டி நமுத்துப்போகும். மின்வாரியப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் கரண்ட் இல்லாத தினங்கள் தனி. பட்டறை சொல்லும் நாட்களை இரண்டால் பெருக்கி, அதில் வரும் பண்டிகைகளையும் கூட்டி, கிடைக்கும் தேதியை மக்களுக்குச் சொல்லுங்கள்.

3. கணக்கு: இதை அவசரமாகத் தாண்டாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் அரிவாள்மணைக்கு ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான்; உங்கள் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அலகு, லேசர் கட்டிங், சாணை: 210 ரூபாய்
பலகை, மெருகு: 140
கீல், பூட்டு, கிளாம்ப், திருகு: 95
அலகு உறை: 30
பொருத்தும் கூலி: 60
தேறாதவற்றுக்காக: 55
பெட்டி, உள் அட்டை, பயன்படுத்தும் முறைத் தாள்: 65
கூரியர், சராசரியாக: 130

மொத்தம் 785 ரூபாய். பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு, "1,199க்குக் கொடுத்தாலே நானூறு ரூபாய் நிற்குமே" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். நிற்காது. 1,199க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்று வைத்தால் 183 ரூபாய் வரி. முன்பதிவு நடத்தும் இணையத் தளத்தின் கட்டணமும், இணையத்தில் பணம் பெற்றுத் தரும் கேட்வே கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம் என்றால் 96 ரூபாய். ஆக, கையில் நிற்பது 135 ரூபாய். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியில் கொஞ்சம் உள்ளீட்டு வரவாகத் திரும்பும். அதை இப்போது கணக்கில் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இனி ஒருமுறைச் செலவு. உறைக்கு மோல்டு 60,000, ஜிக் 25,000, படமும் வீடியோவும் 20,000, மாதிரிகளும் சோதனையும் 15,000. மொத்தம் 1,20,000. உருப்படிக்கு 135 நின்றால் இந்தச் செலவை எடுக்கவே 889 உருப்படி விற்க வேண்டும். விலையை 1,450 ஆக்கினால்? வரி 221, கட்டணம் 116, மீதி 328. இப்போது 366 உருப்படியில் செலவு அடைந்துவிடும். விலையில் 251 ரூபாய் கூட்டியதற்கு, விற்க வேண்டிய எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

"ஆரம்பம்தானே, குறைச்சுக் கொடுப்போம்" என்ற தயாளம் இந்தத் தொழிலில் நிறையப் பேரைச் சாய்த்திருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் கூலஸ்ட் கூலர் என்ற பெயரில், மிக்ஸியும் ஸ்பீக்கரும் பொருத்திய ஒரு குளிர்பெட்டிக்கு கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் 62,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 1.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வாங்கிய விலையில் பெட்டியைச் செய்து அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. பணத்தைப் புரட்டுவதற்காக நிறுவனம் அதே பெட்டியை வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு விற்றது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 2019இல் நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பொருள் போய்ச் சேரவே இல்லை. அத்தனை கோடி திரட்டியும் அதற்குத் தோல்வி என்றுதான் பெயர்.

கூரியரில் ஒரு நுணுக்கம். எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து வரும் கன எடையையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 45க்கு 20க்கு 12 அளவுப் பெட்டி என்றால் 2.16 கிலோ. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றரைக் கிலோதான் என்றாலும் 2.16 கிலோவுக்குக் குறையாமல் கட்டணம் விழும். அதே பொருளைக் கழற்றி அடுக்கும்படி வடிவமைத்து 40க்கு 16க்கு 10 பெட்டியில் அடக்கினால் கன எடை 1.28தான், உண்மை எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். பெட்டியின் அளவைப் பொருளை வடிவமைக்கும்போதே யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான். கூர்மையான பொருள் என்பதால் எந்த கூரியர் எடுக்கும், உறை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

4. இலக்கு எவ்வளவு?

கணக்கு சரியாக இருந்தால் இலக்கு தானாக வரும். 366இல் செலவு அடைகிறது, கொஞ்சம் மிச்சம் வைத்து 400 உருப்படி, 5,80,000 ரூபாய். ஆசைப்படும் தொகையை இலக்காகப் போடாதீர்கள்; இதற்குக் கீழே போனால் பொருளைச் செய்யவே முடியாது என்ற தொகைதான் இலக்கு. கெத்தாகத் தெரியட்டும் என்று இருபது லட்சம் போட்டு நான்கு லட்சத்தில் நிற்பதும், சீக்கிரம் எட்டிவிடலாம் என்று ஒரு லட்சம் போட்டுவிட்டுக் கைக்காசைப் போட்டுப் பொருள் செய்வதும் இரண்டுமே துன்பம்.

5. காகித வேலைகள்

இதில் ஒரே ஒரு விஷயத்துக்கு நேரம் தவறக்கூடாது: வடிவமைப்புப் பதிவும் காப்புரிமையும். பொருளின் படத்தை இணையத்தில் போட்டுவிட்டால் அது புதியது என்ற தகுதியை இழக்க நேரும். தோற்றத்தைக் காக்க வடிவமைப்புப் பதிவு. முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. கீல் பூட்டும் முறையில் உண்மையாகவே புதுமை இருந்தால் காப்புரிமைக்கு முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கலாம். எதுவானாலும் பக்கம் திறப்பதற்கு முன்பே, வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுவதற்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

அடுத்து ஜிஎஸ்டி. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வேறு மாநிலத்துக்கு ஒரு பொருள் விற்றாலும் பதிவு வேண்டும். குறிப்பிட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு. நல்ல செய்தி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு வாங்கிய உடனே வரி கட்ட வேண்டியதில்லை. பில் போடும்போது கட்டினால் போதும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் இன்னொரு கண்டம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து நேர் செய்யாவிட்டால், நிறுவனச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். வைப்புத்தொகை வாங்கும் தகுதி உங்களுக்கு இருக்காது. எனவே ஒரு வருடத்துக்குள் அனுப்ப முடியாத பொருளுக்கு முன்பணம் வாங்க வேண்டாம்.

மற்றவை சுலபம். தனியாக ஒரு நடப்புக் கணக்கு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, பெட்டியின் மேல் எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர் முகவரி, மாதம் வருடம், புகார் எண். உங்கள் பொருள் வகைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமா என்று பாருங்கள்; பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் கட்டாயம், சமையலறைச் சாமான்கள் சிலவற்றுக்கும் உண்டு. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் அனுமதி. இதையெல்லாம் விசாரிக்க, மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவில் உறுப்பினராக இருக்கும் ஒரு தொழில்முனைவோரிடமோ, தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் மதுரை மையத்திலோ கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணமும் வீண் போகாது.

6. ஆட்களை முன்பே சேருங்கள்

பக்கத்தைத் திறந்தால் முகம் தெரியாதவர்கள் வந்து பணம் போடுவார்கள் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடலாம். முகம் தெரியாதவர்கள் வருவது, ஏற்கெனவே நூறு பேர் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு. அந்த முதல் நூறு பேரை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும்.

திறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு பட்டியல் தொடங்குங்கள். பெயர், எண், எந்த ஊர், எதற்காக வேண்டும் என்று நாலு பத்தி. மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போங்கள், மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், பொருட்காட்சியில் ஒரு மேசை கிடைத்தால் எடுங்கள். கையில் பிடித்து ஒரு பூசணிக்காயை நறுக்கிப் பார்த்தவர் பத்து வீடியோ பார்த்தவரைவிட உறுதியானவர். படித்த கல்லூரியின் பழைய மாணவர் குழு, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள், சமையல் சேனல் நடத்துபவர்கள் என்று வட்டத்தை விரியுங்கள். சேனல்காரருக்குக் காசு கொடுத்துப் பேச வைப்பதைவிட ஒரு மாதிரியைக் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்வது நல்லது. பிடிக்காவிட்டால் பேச மாட்டார், அதுவும் உங்களுக்குத் தகவல்தான்.

"சொல்லுங்க, கண்டிப்பா வாங்குறேன்" என்பவர்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 99 ரூபாய் கட்டி இடம் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு மொத்த விலையில் கழித்துக்கொள்வதாக. கட்டியவர்கள்தான் பட்டியல். இலக்கில் கால்பங்காவது, அதாவது நம் கணக்கில் நூறு பேராவது, இப்படிச் சேராமல் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. சேரவில்லையென்றால் பொருளிலோ விலையிலோ ஏதோ இடிக்கிறது. திறந்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

சிங்கப்பூர், துபாய் உறவினர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதிக்கான ஐஇசி எண், அந்நாட்டுச் சுங்கம், பல மடங்கு கூரியர் செலவு என்று வேலை வேறு. முதல் சுற்றில் "இந்திய முகவரி கொடுங்கள், ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

7. எந்தத் தளம்?

எல்லோரும் முதலில் கேட்பது கிக்ஸ்டார்ட்டர். 2009இல் தொடங்கிய அந்தத் தளத்தில் இந்தியாவிலிருந்து யாரும் பணம் கொடுக்கலாம். ஆனால் திட்டம் தொடங்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வெளிநாட்டு நண்பர் பெயரில் தொடங்குவது என்ற குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். பணம் அவர் கணக்கில், வரி அவர் தலையில், பொறுப்பு உங்கள் தலையில் என்று ஆகிவிடும், வேண்டாம்.

உள்நாட்டுத் தளங்களில் பொருளுக்கு முன்பதிவு வாங்க அனுமதிப்பவை எவை, இப்போது இயங்குகின்றனவா, கட்டணம் எத்தனை சதவீதம், கட்டணத்துக்கு மேல் ஜிஎஸ்டி உண்டா, இலக்கு எட்டாவிட்டால் பணம் என்னவாகும் என்று கேளுங்கள். எட்டினால்தான் பணம், இல்லாவிட்டால் எல்லோருக்கும் திரும்பும் என்ற முறை ஒன்று. வந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை இன்னொன்று. மோல்டு போட வேண்டிய பொருளுக்கு முதல் முறைதான் நியாயம். 150 பேர் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு மோல்டுக்குப் பணம் போதாமல் விழிப்பதற்கு அது இடம் கொடுக்காது.

சொந்த இணையப் பக்கத்தில் கேட்வே வைத்தும் நடத்தலாம். தளக் கட்டணம் மிச்சம், கூட்டம் சேர்ப்பது முழுக்க உங்கள் பாடு. அப்படிச் செய்தால், இது முன்பதிவு, பொருள் அனுப்ப இத்தனை மாதமாகும் என்று கேட்வே நிறுவனத்திடம் எழுத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் வந்தால் சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கக்கூடும்.

8. பக்கமும் வீடியோவும்

இரண்டு நிமிட வீடியோ போதும். முதல் பத்து நொடியில் பொருள் வேலை செய்வதைக் காட்டிவிடுங்கள். உங்கள் கனவு, தாத்தா கதை எல்லாம் பிறகு. ட்ரோன் காட்சியில் மீனாட்சியம்மன் கோவில் கோபுரம் வேண்டாம், அதற்கும் அரிவாள்மணைக்கும் என்ன சம்பந்தம்? பட்டறையைக் காட்டுங்கள். அலகு வெட்டுவது, சாணைப் பொறி பறப்பது, தேறாத உருப்படியை ஒதுக்கி வைப்பது எல்லாம் நம்பிக்கை தரும். கம்ப்யூட்டரில் வரைந்த பளபளப்பான படத்தை நிஜப் பொருள்போலக் காட்டாதீர்கள். கிக்ஸ்டார்ட்டரே இத்தகைய படங்களைத் தடை செய்திருக்கிறது.

பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில் இன்னொரு முறை. எடை, அளவு, எந்த ஸ்டீல், எத்தனை அங்குல மேடைக்குக் கிளாம்ப் பொருந்தும், எப்படிச் சாணை பிடிப்பது, குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டு எப்படி என்று சமையல் செய்பவர் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் இருக்கட்டும். பணம் எதற்குச் செலவாகும் என்பதையும் மறைக்காமல் போடலாம்.

தெரிவுகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்று 1,450, சகோதரிக்கும் சேர்த்து இரண்டு என்றால் ஒரே முகவரிக்குக் கூரியர் மிச்சமாவதால் 2,750, மெஸ், கேட்டரிங் வைத்திருப்பவர்களுக்கு ஐந்து. டீ-ஷர்ட், சாவிக்கொத்து, நான்கு வண்ணங்கள் என்று விரித்தால் ஒவ்வொன்றும் தனி ஸ்டாக், தனிப் பொதிவு, தனிக் குழப்பம்.

9. திறந்த நாள் முதல் மூடும் நாள் வரை

முப்பது நாள் போதும். நீளமாக வைத்தால் அதிகம் வரும் என்பது தவறு. "இன்னும் நாள் இருக்கே" என்று தள்ளிப்போடத்தான் உதவும். கிக்ஸ்டார்ட்டரே 60 நாள் வரை அனுமதித்தாலும் 30 நாளோ அதற்குக் குறைவாகவோ வைக்கத்தான் சொல்கிறது. மாதத்தின் முதல் வாரத்தில் திறங்கள், சம்பளம் வந்திருக்கும். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் ஆகாது.

99 ரூபாய் கட்டிய நூறு பேருக்கும் முதல் நாள் காலையில் ஒவ்வொருவராகச் செய்தி அனுப்புங்கள். ஃபார்வர்டு வேண்டாம், பெயர் சொல்லி. இரண்டு நாளுக்குள் கால்பங்கு ஏறினால் மற்றவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள். பிறகு இரண்டாவது வாரம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் அப்படித்தான், பதறி விலையைக் குறைக்காதீர்கள். முதலில் முழு விலை கொடுத்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த நாட்களுக்கென்றே சில வேலைகளை ஒதுக்கி வையுங்கள்: சமையல் சேனலின் வீடியோ, உள்ளூர்ப் பத்திரிகை நிருபருடன் சந்திப்பு, மெஸ் அக்கா பேசும் ஒரு சின்னப் பதிவு. கடைசி மூன்று நாளில் மறுபடி ஏறும்.

கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். "காசை வாங்கிட்டு ஓடிட மாட்டீங்களே?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்பார். கோபப்படாமல் பட்டறை முகவரியைக் கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வருகிறாரோ இல்லையோ, அந்தப் பதிலைப் பத்துப் பேர் படித்திருப்பார்கள்.

இலக்கு எட்டவில்லையா? சொன்னபடி எல்லோருக்கும் திருப்புங்கள், 99 ரூபாய் உட்பட. ஏன் வாங்கவில்லை என்று பத்துப் பேரிடம் போன் செய்து கேளுங்கள். சரி செய்துகொண்டு ஆறு மாதம் கழித்து அதே பட்டியலிடம் திரும்ப வரலாம். பணத்தை ஒழுங்காகத் திருப்பியவரிடம் மறுபடியும் கொடுக்க மக்கள் தயங்குவது குறைவு.

10. பணம் வந்த பிறகு

இங்கேதான் வேலை தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் 2015இல் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்தபோது, பணம் திரட்டியவற்றில் சுமார் 9 சதவீதம் பொருளைக் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தது. தாமதமாகக் கொடுத்தவை அதைவிட மிக அதிகம்.

வந்த பணத்தை உடனே மூன்றாகப் பிரியுங்கள்: உற்பத்தி, கூரியரும் பொதிவும், வரி. கூரியர் பணத்தையும் வரிப் பணத்தையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கண்ணில் படக்கூடாது. பட்டறைக்கு முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். மூலப்பொருளுக்கு ஒரு பங்கு, பாதி உருப்படி கைக்கு வந்ததும் ஒரு பங்கு, கடைசியைச் சோதித்து எடுத்த பிறகு மீதி.

ஐந்நூறையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். முதல் ஐம்பதைச் செய்து, அனுப்பி, உடையாமல் போய்ச் சேருகிறதா, புகார் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள். பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து நாலைந்து முறை கீழே போட்டுப் பார்ப்பது அசிங்கமில்லை. கூரியர் குடோனில் அதற்கு மேல் நடக்கும்.

முகவரி வாங்கும்போது பின்கோடு, இன்னொரு போன் எண் இரண்டையும் கட்டாயமாக்குங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்துத் தெரு" என்று மட்டும் வந்த முகவரிக்குப் போன பார்சல் திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூலியும் உங்களுடையது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும். தாமதம் வந்தால் தேதி தாண்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்: எது தாமதம், ஏன், புதிய தேதி என்ன, பணம் திரும்ப வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது. கீல் சப்ளை மூன்று வாரம் தள்ளிப்போனது என்று படத்தோடு சொன்னால் பெரும்பாலானோர் காத்திருப்பார்கள். போன் எடுக்காமல் இருந்தால்தான் காவல் நிலையம், நுகர்வோர் ஆணையம் என்று பேச்சு போகும்.

நூற்றுக்கு ஐந்து வீதம் உபரி உருப்படியும், திருகு, கீல், உறை போன்ற உதிரிகளும் கையிருப்பில் வையுங்கள். மாற்றித் தர வேண்டிய கேஸ்கள் வரத்தான் செய்யும். கடைகளுக்குக் கொடுப்பதை முன்பதிவு செய்த கடைசி ஆளுக்குப் பொருள் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். அப்போது கடை விலை முன்பதிவு விலையைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும், 1,450க்குக் கீழே வேண்டாம். மாசி வீதிப் பாத்திரக் கடைக்காரர் தன் பங்கைக் கேட்பார், கடனுக்கும் கேட்பார். பங்கைக் கொடுக்கலாம். கடனுக்கு முதல் ஐம்பது உருப்படிக்கு மேல் விடாதீர்கள்.